பறை பிடிக்கும், பறையடிப்பவரை?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக் கலைவிழாவுக்குப் பறையாட்டக் குழுவை அழைத்துப் போயிருந்தோம். ஆசானுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். வாசலில் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சும்போதே மாணவர்கள் சூழ்ந்துகொண்டு செல்ஃபி எடுத்தார்கள். முதல் அடி விழுந்ததும் அரங்கமே எழுந்து ஆடியது. சாப்பாட்டு நேரத்தில் விருந்தினர்களுக்கு ஏசி அறையில் இலை போட்டார்கள். குழுவுக்கு வண்டி நிறுத்துமிடத்தில் பொட்டலம். பேசிய தொகையில் பாதிதான் கைக்கு வந்தது. திரும்பும் வழியில் ஆசான் சொன்னார்: "சாவு வீட்டுலயாச்சும் பேசுன கூலியைக் குடுத்துருவாங்கப்பா."

அன்றிரவு அந்த ஆட்டத்தின் வீடியோவை நாங்கள் பகிர்ந்தோம். பலரும் பாராட்டினார்கள். மறுநாள் ஆசானின் பேத்தி போனில் கேட்டாள்: "அண்ணா, எங்க தாத்தா பேர் எங்க?" கல்லூரியைத் திட்டிக்கொண்டிருந்த எங்களுக்குப் பதில் வரவில்லை.

பண்பாட்டு அபகரிப்பு, பண்பாட்டுப் பாராட்டு என்று வகுப்பில் படித்ததெல்லாம் அந்தக் கேள்வியில்தான் எங்களுக்குப் புரிந்தது.

பறை எங்கள் மக்களுக்குச் சுமையாகவும் இருந்த கருவி. சாவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்பது ஊர்க் கட்டளை. "இனி அடிக்க மாட்டோம்" என்று பறையை எரித்தவர்கள் உண்டு. அதற்காக அடிபட்டவர்களும் உண்டு. அதே பறையைப் போராட்டக் கருவியாகத் திரும்ப எடுத்தவர்களும் எங்கள் மக்களே. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் அதைக் கையில் எடுத்தார்கள். 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவோடு சென்னையில் மேடையேறியது. 2025-இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இந்த வரலாறு தெரியாமல் 'செம பீட்' என்று மட்டும் ரசிப்பவர், பாதியைத்தான் கேட்கிறார்.

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யை நினைத்துப் பாருங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு எழுதிய பாட்டு அது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அந்தப் பாட்டைப் பேசியது. அட்டையில் அறிவு இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். எதிர்ப்புக்குப் பிறகே அறிவின் படத்தோடு டிஜிட்டல் அட்டை வந்தது.

இது ஒரு பாட்டோடு முடிவதில்லை. மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தி வார் பிடிப்பவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதினார். வெளியீட்டு விழாவுக்குத் தந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. தோல் வேண்டும், தோலைத் தொட்ட கையைப் பற்றிய பேச்சு மட்டும் வேண்டாம்.

அப்படியென்றால் மற்றவர்கள் பறையைத் தொடவே கூடாதா என்று பயிற்சி முகாம்களில் மாணவர்கள் கேட்கிறார்கள். தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள் தோழர்களே. 'இது இவர்களுடைய தொழில்' என்று பூட்டி வைத்தது சாதிதான். அந்தப் பூட்டை நாமும் போட வேண்டாம். ஆனால் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். யாரிடம் கற்றேன் என்று மேடையில் சொல்கிறேனா? வரும் பணத்திலும் புகழிலும் அவருக்குப் பங்கு உண்டா? எதை எப்படி ஆடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர் இருக்கிறாரா? என் ஆசான் என் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால், வீட்டுக்காரரிடம் அவருக்காகப் பேசுவேனா?

வீடியோவில் ஆசானின் பெயரையும் குழுவில் இருந்த எட்டுப் பேரின் பெயர்களையும் சேர்த்தோம். மீதித் தொகைக்காக மூன்று முறை கல்லூரிக்கு அலைந்து வாங்கிக் கொடுத்தோம். இப்போது எந்த நிகழ்ச்சிக்கும் கூலி, சாப்பாடு, பெயர் மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே ஆசானிடம் தேதி கேட்கிறோம். அந்தத் தாளை முதலில் படித்துப் பார்ப்பவள் அவருடைய பேத்தி.