ஸ்கேனில் ஒன்றுமில்லையாம்

போன வருடம் திருவிழாத் தகராறில் சாதிக்காரர்கள் கட்டையால் அடித்த கொத்தனார் அண்ணனோடு மருத்துவமனைக்குப் போனேன். சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். காயச் சான்றிதழில் ‘சாதாரணக் காயம்’. மூன்று மாதம் கழித்தும் சுவருக்கு எத்தனை செங்கல் என்ற கணக்கு அவருக்கு வரவில்லை. மகள் பெயரே தடுமாறியது.

தோழர்களே, சி.டி. எலும்பு முறிவையும் பெரிய ரத்தக்கசிவையும் காட்டும். மூளை குலுங்கி நரம்பிழைகள் சிதைவது அதில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் எஸ்.டபிள்யூ.ஐ. என்றொரு முறை நுண்ணிய கசிவுகளைக் கரும்புள்ளிகளாகக் காட்டிவிடும். டி.டி.ஐ. நரம்பிழை வழியே நீர் பரவும் விதத்தை அளந்து சிதைவைக் கணிக்கும். ஆனால் தனியொருவருக்கு அதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் இது தெரியும்.

அலைந்து திரிந்து எடுத்தோம். எஸ்.டபிள்யூ.ஐ.யில் புள்ளிகள் இருந்தன.

என் தவறு வேறு. பாரதிய நியாய சன்ஹிதா 116-வது பிரிவின்படி, காயத்தால் 15 நாள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலே கொடுங்காயம்தான். அதற்கு ஸ்கேனே தேவையில்லை. அந்த நாட்களை நான் குறித்து வைக்கவில்லை. இப்போது மேஸ்திரியின் பழைய கூலி நோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.