எங்கிட்டு இறங்கப் போறீங்க?

நல்ல பிரேக் என்றால் அது ரேஸ் மைதானத்தில் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்ற பேச்சு எனக்கு நெடுநாள் உறுத்தல். வேகமான செடான் வைத்திருக்கும் நண்பர்கள் நாலு பேர் கூடினால் இது வராமல் போகாது. 1953இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் ஜெயித்தது, நவீன பிரேக் அன்றுதான் பிறந்தது என்று ஆரம்பிப்பார்கள். கடைசியில் இப்படி முடிப்பார்கள்: "மதுரையில எவனுக்கு பிரேக் தெரியும்? இத்தாலி சரக்கை வாங்கு, கோயம்புத்தூர் போய் மாட்டிட்டு வா."

ஜாகுவார் ஜெயித்தது உண்மை. அந்தக் கடைசிப் பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் அப்பாவின் சித்தப்பா டிவிஎஸ் பஸ் டிரைவர். 1972இல் அரசு அந்த பஸ்களை எடுத்துக்கொண்டு மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தைத் தொடங்கும்வரை கொடைக்கானல் தடத்தில் ஓட்டினார் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் பேச்சில் எங்களிடம் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்: "ஏறுன கியர்லயே இறங்கு. லைனர் வாசம் வந்தா ஓரங்கட்டு." ஒரு பஸ் நிறைய ஆட்களோடு டம் டம் பாறை வளைவுகளில் நாள்தோறும் இறங்கியவர்களின் ஊருக்கா பிரேக் தெரியாது?

என்னிடம் இருப்பது 200 குதிரைத்திறனைத் தாண்டிய டர்போ பெட்ரோல் செடான். ஆளோடு சேர்த்து ஒன்றரை டன் எடை. அதன் பிரேக்கை மேம்படுத்தலாம் என்று நினைத்த நாளில் இரண்டு கேள்விகள் சேர்ந்துகொண்டன. எதைப் பூட்டுவது? பிரேக்கில் பிடிக்கிற பொருள் முதலில் எங்கிருந்து வந்தது?

பெரிய டிஸ்க், ஆறு பிஸ்டன் கேலிப்பர், சிவப்புப் பெயின்ட். ஆசை அங்கேதான் முதலில் போயிற்று. பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் ஒன்றரை டன் காரிடம் ஏறத்தாழ 5.8 லட்சம் ஜூல் ஆற்றல் இருக்கிறது. காய்ந்த சாலையில் டயர் முழுப் பிடி கொடுத்தால் சுமார் 40 மீட்டரில் நிற்கலாம். தேய்ந்த, இறுகிப்போன டயர் அதில் ஐந்தில் நான்கு பங்குதான் பிடிக்கும் என்றால் 50 மீட்டர் ஆகிவிடும். என் காரில் அந்த வேகத்தில் ஓங்கி மிதித்தாலே ஏபிஎஸ் துடிக்கிறது. அப்படியானால் டயரின் பிடியைத் தோற்கடிக்கும் பலம் கம்பெனி பிரேக்கிலேயே இருக்கிறது. அதற்கு மேல் கேலிப்பரில் எத்தனை பிஸ்டன் சேர்த்தாலும் முதல் தடவை நிற்கும் தூரம் குறையாது. அத்தோடு பிஸ்டன் பரப்பு கூடினால் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயில் போதாமல் பெடல் ஆழம் போகும், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் கம்பெனி வகுத்த பங்கு குலையும், வீலுக்குள் கேலிப்பர் அடங்காமல் ரிம்மையும் மாற்ற நேரும். காசு கரையும் வழி தெரிந்தது, பதில் தெரியவில்லை.

அப்போதுதான் மதுரை வடக்கு வெளி வீதி உதிரிபாகக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் போனேன். லாரி பிரேக் ஷூவுக்கு லைனர் அடிக்கும் பட்டறை அது. தேய்ந்த லைனரைத் தட்டி எடுத்துப் புதியதை வைத்து ரிவிட் அடித்துக்கொண்டிருந்தார் எழுபதைத் தாண்டிய பெரியவர்.

"ஐயா, இந்தக் காருக்கு எந்த டிஸ்க் போட்டா நல்லது?"

நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "எங்கிட்டு இறங்கப் போறீங்க தம்பி?"

நான் வேகத்தைச் சொன்னேன், குதிரைத்திறனைச் சொன்னேன். அவர் ரிவிட்டை அடித்துக்கொண்டே இருந்தார். அடுத்த முறை டிஸ்க் அளவுகளை அச்செடுத்துக்கொண்டு போனேன். தாளை ஓரமாக வைத்துவிட்டு, "பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க?" என்றார். பிறகு டயர் தேதியைக் கேட்டார். தேதி என்றதும் நான் விழிக்க, தெருவுக்கு வந்து டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தைத் தொட்டுக் காட்டினார். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். டிஸ்க் பற்றி வாயே திறக்கவில்லை. எத்தனை முறை போனாலும் கேள்விக்குக் கேள்விதான் பதில். ஆனாலும் போய்க்கொண்டிருந்தேன். அவர் கேட்பதில் ஒரு வரிசை இருந்தது: டயர், ஆயில், பேட். அதற்குப் பிறகுதான் இரும்பு.

பிரேக் ஆயில் பற்றி வீட்டுக்கு வந்து படித்தபோது அந்த வரிசையின் நியாயம் விளங்கியது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் விதி கேட்பது 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, 155. டாட் 5.1 என்றால் 260, 180. கொதித்த ஆயிலில் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. லட்ச ரூபாய் கேலிப்பர் பூட்டினாலும் உள்ளே மூன்று மழைக்காலம் பார்த்த ஆயில் இருந்தால் கதை இதுதான்.

ஒருநாள் அவராகவே தகர டப்பா ஒன்றை இழுத்து வைத்தார். உள்ளே பல வண்டிகளில் கழற்றிய பழைய பேட்கள். ஒன்றைத் திருப்பி ஓரத்தை வேட்டியில் துடைத்து, "எழுத்து தெரியுதா?" என்றார். நீண்ட எண்ணுக்குப் பின்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தன: எஃப், இ.

"மொத எழுத்து ஊருக்குள்ள. ரெண்டாவது எழுத்து மலைக்கு."

பேட்டின் உராய்வைக் குறிக்கும் குறியீடு அது. இ என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. முதல் எழுத்து மிதமான சூட்டில் அளந்தது, இரண்டாவது கடுஞ்சூட்டில். எஃப்இ என்ற பேட் சிம்மக்கல் சிக்னலில் நன்றாகப் பிடிக்கும், சூடேறினால் பிடி தளரும். எஃப்எஃப் சூட்டிலும் அதே அளவில் பிடிக்கும். அந்த டப்பா முழுவதையும் அன்று புரட்டிப் பார்த்தேன். பள்ளிப்படிப்பைத் தாண்டாத ஒருவர் இந்த அளவைகளை லாரி டிரைவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிக் கொடுத்துவந்திருக்கிறார்.

எங்கே இறங்குவது என்ற கேள்விக்கு அன்றுதான் பதில் சொன்னேன்: "கொடைக்கானல், ஐயா." "அதைக் கணக்குப் போட்டுப் பாருங்க" என்றார்.

போட்டேன். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். பெருமாள் மலை, ஊத்து கடந்து காமக்காபட்டிக்கு வரும்வரை 1,700 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றரை டன் கார் இழக்க வேண்டிய ஆற்றல் இரண்டரைக் கோடி ஜூல். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 40 தடவைக்கு மேல் முழுசாக நிறுத்துவதற்குச் சமம். இதில் இன்ஜினும் காற்றும் டயரின் உருளலும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் பேட்டிலும் டிஸ்க்கிலும் சூடாக இறங்கும். ஏறின கியரிலேயே இறங்கு என்று சின்னத் தாத்தா சொன்னது அந்தச் சூட்டில் பெரும் பங்கை இன்ஜின் தலையில் கட்டுவதற்கு. லைனர் வாசம் என்று சொன்னது, பொருளுக்குள் இருக்கும் பிசின் கருகத் தொடங்குவதை.

என் தேடல் அங்கே திரும்பியது. பந்தய வரலாற்றை மூடிவைத்துவிட்டுச் சரிவுகளைத் தேடினேன். டிஸ்க் பிரேக்குக்கு பிரெடரிக் லான்செஸ்டர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1902இல், லெ மானுக்கு அரை நூற்றாண்டு முன்பு. அவர் டிஸ்க்கைப் பிடிக்க வைத்தது செம்பு. அது காது கிழியக் கத்தியது, அந்தக் காலப் புழுதிச் சாலையில் சீக்கிரம் தேய்ந்தது. டிஸ்க் சரியாக இருந்தது, அதைப் பிடிக்கும் பொருள் இல்லை. பொருளைத் தேடியவர் ஹெர்பர்ட் ஃப்ரூட். டெர்பிஷயர் மலைப்பகுதியில் குதிரை வண்டிகள் இறக்கத்தில் மரக்கட்டையைச் சக்கரத்தில் அழுத்தித் திணறுவதையும், வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸ் தோலை அந்தக் கட்டையில் வைத்துப் பிடிப்பைக் கூட்டுவதையும் அவர் கவனித்தார் என்பது அவருடைய கம்பெனியின் கதை. 1897இல் அந்த வேலையைத் தொடங்கினார். உலகெங்கும் போன ஃபெரோடோ லைனர் அதிலிருந்து வந்தது.

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. பிரேக் லைனர் பிறந்தது பந்தயக்காரனுக்காக அல்ல, பாரவண்டியோடு மலை இறங்கியவனுக்காக. சின்னத் தாத்தாவின் தொழிலுக்காக.

அடுத்த கேள்வி: நம் பக்கம் அது எப்போது வந்தது? மேல வெளி வீதியில் வேரூன்றிய டிவிஎஸ் குழுமம் 1962இல் சென்னைப் பாடியில் லூகாஸ் கர்லிங்கோடு சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவையும், கிளேட்டன் டுவாண்டரோடு சேர்ந்து சுந்தரம் கிளேட்டனையும் தொடங்கியது. லைனருக்கென்றே 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் வந்தது. அதன் ஆலைகள் பாடியில் மட்டும் என்று நினைத்திருந்த எனக்கு, மல்லாங்கிணறு பக்கம் முஷ்டக்குறிச்சியிலும் இருக்கின்றன என்று தெரிந்தபோது அன்றே காரை எடுத்தேன். அருப்புக்கோட்டை சாலையில் காரியாபட்டி தாண்டினால் கரிசல் பொட்டல், சீமைக்கருவேலம், நடுவே ஆலை. தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் விருதை 2001இல் இந்தக் கம்பெனி வாங்கியது. மதுரையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரத்தில் உலகத்துக்கு லைனர் போய்க்கொண்டிருக்கிறது.

உராய்வுப் பொருளில் என்னென்ன சேர்கிறது என்று படித்தபோது இன்னொரு மகிழ்ச்சி. ஃபீனால் பிசின், இழைகள், கிராஃபைட், உலோகப் பொடி. அடர்த்திக்கு பாரைட்ஸ், அதன் மாபெரும் படிவு ஆந்திரத்து மங்கம்பேட்டையில். பிறகு முந்திரி ஓட்டு எண்ணெயைக் கெட்டியாக்கி அரைத்த பொடி. இரைச்சலைக் குறைக்கவும் பிடிப்பைச் சீராக வைக்கவும் உலகம் முழுக்கச் சேர்க்கிறார்கள். இத்தாலி என்று நாம் வாங்கும் பேட்டுக்குள்ளும் நம் கரையோர முந்திரிக்காட்டின் ஓடு இருக்கக்கூடும்.

இதையெல்லாம் பெரியவரிடம் சொல்லப் போனேன். ஃப்ரூட் கதையைக் கேட்டுச் சிரித்தார். அந்த லைனரில் பின்னால் அஸ்பெஸ்டாஸ் சேர்த்தார்கள், சூடு தாங்கியது என்றேன். சிரிப்பு நின்றது.

"நாங்க அடிச்ச லைனரெல்லாம் அதுதான் தம்பி. துளை போடுவோம், கல்லுல பிடிச்சுத் தேய்ப்போம். டிரம்முக்குள்ள இருக்க தூசியை வாயால ஊதுவோம். கூட வேலை பாத்தவய்ங்க இருமி இருமியே போய்ச் சேந்தாய்ங்க. டீபின்னு சொன்னாய்ங்க."

அஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலில் தங்கினால் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்துக்கூட நோயாகக் கிளம்பும். பிரிட்டன் 1999இல் முழுத்தடை போட்டது. இந்தியாவில் வெள்ளை அஸ்பெஸ்டாஸ் இறக்குமதிக்கு இன்றும் முழுத்தடை இல்லை. அந்தச் சந்தில் இருமியவர்களின் நோய்க்கு என்ன பெயர் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. மலையிலிருந்து எங்களைப் பத்திரமாக இறக்கிய லைனர், அதை அடித்தவர்களின் மூச்சுக்குள்ளும் போயிருக்கிறது. பிரேக்கின் சூட்டை மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, தூசியையும் கணக்கில் சேர்க்காமல் தேர்வு முடியாது என்று பட்டது. உலகம் இப்போது அங்கே வந்துகொண்டிருக்கிறது. கலிஃபோர்னியா 2025 முதல் புதிய பேட்டில் செம்பு அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பாவின் யூரோ 7 விதி பிரேக் தூசிக்கு முதன்முறையாக வரம்பு வைத்திருக்கிறது.

நான் பூட்டியது இதுதான். நான்கு புது டயர். புது டாட் 4 ஆயில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதாக முடிவு. கம்பெனி அளவிலேயே துளையில்லாத புது டிஸ்க். அஸ்பெஸ்டாஸ் இல்லை என்று அட்டையில் அச்சிட்ட, இரண்டு எழுத்தும் எஃப் ஆன பேட். பந்தய பேட் வாங்கவில்லை, அது சூடேறும்வரை சரியாகப் பிடிக்காது, பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் தெருவுக்கு ஆகாது. அதிகாலையில் நான்குவழிச் சாலையில் மிதமான வேகத்திலிருந்து படிப்படியாக அழுத்திப் பேட்டை டிஸ்க்கோடு பழக்கிய பிறகே மலைக்குப் போனேன். ஆண்டு முழுக்க ரேஸ் டிராக்கில் சுற்றுகிறவருக்குப் பெரிய கேலிப்பர் தேவைப்படும், பெரிய இரும்பு கூடுதல் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை கொடைக்கானலோ மேகமலையோ போகிற மதுரைக்காரருக்கு அது வேண்டியதில்லை.

இன்னொன்றும் செய்கிறேன், இந்தக் கட்டுரையைப் படிக்கும் ஒவ்வொருவரும் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். வீலைக் கழற்றியதும் மெக்கானிக் ஏர் ஹோஸை எடுத்தால் தடுத்துவிடுங்கள். பிரேக் கிளீனர் தெளித்தோ ஈரத்துணியாலோ துடைக்கச் சொல்லுங்கள், முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். பேட் வாங்கும்போது அட்டையைப் படியுங்கள், அஸ்பெஸ்டாஸ் இல்லை என்ற வரி இல்லாவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் திருப்பிக் கொடுங்கள். ஓட்டுகிறவரையும் எதிரே வருகிறவரையும் காப்பாற்றுவதோடு பிரேக்கின் வேலை முடியவில்லை. அதைக் கழற்றிப் பூட்டுகிற பையனும் எழுபது வயதுவரை நன்றாக மூச்சுவிட வேண்டும். அவனையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் நல்ல பிரேக்.