பால்மரத்தில் ஒரு பேனா

கெடாவின் பீடோங்கில் பழைய சாலையை ஒட்டிய ஒரு தாமான். கடைசி வரிசையில் ஒரு வீடு. அதன் பின்புறம் தகரம் வேய்ந்த கொட்டகை. 10 அடி நீளம், 8 அடி அகலம் இருந்தால் அதிகம். நான் போன சனிக்கிழமை காலையில் ஜெராய் மலையின் பாதியை மேகம் மூடியிருந்தது. கொட்டகை வாசலில் தொடை கனத்தில் மரத்துண்டுகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. வெட்டுமுகம் ஒவ்வொன்றிலும் மெழுகு உருக்கிப் பூசியிருந்தது. பட்டை சீவிய பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் தோட்டத்தின் பெயர், டிவிஷன், மரம் சாய்த்த மாதம்.

“எல்லாமே பால்மரந்தான், தம்பி. வேற மரத்த நான் தொடுறதில்ல” என்றார் கொட்டகைக்கு உரிய அண்ணன்.

அண்ணன் 34 வருடம் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் பிட்டராக இருந்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் ஆலை மூடப்பட்டது. வேலையை விட்டு வந்த பிறகு, பழைய சின்ன லேத்து ஒன்றை வாங்கி, அதைத் தானே பிரித்து மாட்டி, இந்தக் கொட்டகையில் பேனா கடையத் தொடங்கினார். ஒரு நூல் வெளியீட்டில் நண்பர் எனக்குக் கொடுத்த பேனா இவர் கையால் ஆனது. வெளிர் மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் பழுப்பில் சின்னச் சின்னக் கோடுகள். இது பால்மரம், அதாவது ரப்பர் மரம், என்று நண்பர் சொன்னபோது நான் நம்பவில்லை. லயத்தில் பிறந்த எனக்கு அந்த மரம் என்றால் பால், அதை விட்டால் அடுப்பு. அம்மா வெளிக்காட்டிலிருந்து தலையில் சுமந்து வந்த விறகுக்கட்டு. அதில் கடைசல் பிடிக்கலாம் என்று எங்கள் லயத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. பால்மரத்தின் உள்ளே மாவும் சர்க்கரையும் அதிகம். சாய்த்த மரத்தை அப்படியே போட்டால் சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாயும். பிறகு வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும். அதனால்தான் பல காலம் அது செங்கல் சூளைக்கும், ஷீட் ரப்பரைப் புகையில் உலர்த்தும் கூடத்துக்கும் விறகாகப் போனது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிலையமும் மற்றவர்களும் செய்த ஆய்வுகளால், அறுத்த பலகைக்குள் போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் செலுத்தி, சூளையில் உலர்த்தி எடுக்கும் முறை பரவியது. 1970களின் பிற்பகுதியிலிருந்து அது நாற்காலியும் மேசையுமாகக் கப்பலேறியது. இன்று மூவார் நாற்காலிப் பட்டறைகளின் அச்சாணியே காயு கெத்தா என்னும் இந்தப் பால்மரம்தான்.

அண்ணனிடம் அழுத்தக் கலன் கிடையாது. பாதியாக வெட்டிய நீல டிரம் ஒன்று இருக்கிறது. மரம் சாய்க்கும் குத்தகைக்காரர் போன் செய்த அன்றே மோட்டார் சைக்கிளில் போய், ஓர் அடித் துண்டாக வாங்கி வருகிறார். அன்று மாலைக்குள் விரல் கனத்துக்குச் சற்று மேலாகச் சட்டமாக அறுத்து, போராக்ஸும் போரிக் ஆசிட்டும் கரைத்த வெந்நீரில் ஊறப் போடுகிறார். பிறகு நிழலில் மாதக்கணக்கில் காய வேண்டும். வாசலில் நிற்கும் மெழுகு பூசிய துண்டுகள் வேறு கணக்கு. அவற்றை வேண்டுமென்றே நீலம் பாய விட்டிருக்கிறார். “இத அறுத்தா மை ஊறின மாதிரி இருக்கும். பேனாவுக்கு அதுதானே வேணும்?” என்று ஒரு துண்டை விளக்கருகே திருப்பிக் காட்டினார். வெளிர் மரத்துக்குள் சாம்பல் கலந்த நீலம் இழையோடியிருந்தது. நிஜமாகவே யாரோ மைப்புட்டியைக் கவிழ்த்தது போலத்தான் இருந்தது.

ஒரு பேனாவுக்கு இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் 19 மில்லிமீட்டர் சதுரம். நடுவில் 7 மில்லிமீட்டர் துளை. அதற்குள் பித்தளைக் குழாய். அந்தக் குழாய்தான் பேனாவின் எலும்பு. மரம் அதன்மேல் தோல்.

துளை போடுவது எளிது என்று நினைத்திருந்தேன். டிரில் ஒரு சென்டிமீட்டர் இறங்கியதும் மேலே இழுத்துத் தூளை உதற வேண்டும், மறுபடி இறக்க வேண்டும். உதறாமல் ஒரே மூச்சில் இறக்கினால் தூள் அடைத்து, சூடேறி, மரம் உள்ளுக்குள் விரியும். மறுபக்கம் துளை வெளியேறும் இடத்திலும் சில்லு பெயரும். அதற்கு அண்ணனிடம் ஒரு வழி இருக்கிறது: துண்டை அரை அங்குலம் நீளமாகவே விட்டு, துளையை மறுமுனைக்கு முன்பே நிறுத்தி, மிச்சத்தை ரம்பத்தால் அறுத்துவிடுகிறார். துளை தானாகத் திறந்துகொள்கிறது.

பித்தளைக் குழாயை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சூப்பர் குளூ தடவித் திருகிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். நான் ஒரு நொடி நிறுத்தினேன். குழாய் பாதியில் இறுகிவிட்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் அடுத்த துண்டை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு துண்டையும் மேண்ட்ரல் என்ற மெல்லிய எஃகுக் கம்பியில் கோத்து, முனைகளில் புஷ் மாட்டி, லேத்தில் ஏற்றினோம். கடைசி நட்டை விரலால் மட்டும் முடுக்கச் சொன்னார். அதிகம் முடுக்கினால் கம்பி கண்ணுக்குத் தெரியாமல் வளையும். கடைந்த பேனா ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து போகும். சட்டைக் கையை மடித்தேன். கண்ணாடியும் முகமூடியும் கொடுத்தார். விசை தட்டியதும் சதுரத் துண்டு ஒரு மங்கலான உருளையாகத் தெரிந்தது. நிமிடத்துக்கு 2,000 சுற்று.

உளி முதலில் தாங்கியைத் தொட வேண்டும், பிறகுதான் மரத்தை. உளியின் சாய்முகம் மரத்தில் வெறுமனே தேய வேண்டும். பிறகு கைப்பிடியை மெல்ல மெல்லத் தூக்க, கூர் தானாக மரத்தைக் கண்டுகொள்ளும். இதை அண்ணன் மூன்று முறை செய்து காட்டினார். நான் செய்தபோது கூர் முதலில் இறங்கிவிட்டது. பட்டென்று ஒரு சத்தம். மரம் பித்தளைக் குழாயை விட்டுப் பிரிந்து மூன்று துண்டாகத் தகரச் சுவரில் மோதி விழுந்தது. குழாய் மட்டும் மினுமினுத்துக்கொண்டு சுற்றியது. கை நடுக்கம் அடங்கச் சிறிது நேரம் ஆனது. அண்ணன் குழாய் ஒட்டிய வேறு துண்டை ஏற்றிக் கொடுத்தார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வரக்கோப்பியோடு வந்தார். 31 வருடம் பால் வெட்டியவர். 70 வயதைத் தாண்டிவிட்டார். வாசலில் நின்று நான் உளி பிடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“காட்டுக்குப் புதுசா வந்த புள்ள மாதிரி புடிக்கிற தம்பி. தோளு ஏன் இப்படி இறுகிக் கெடக்கு? கத்தியத் தள்ளாத. அது போற வழியில நீ நட.”

பால்வெட்டு என்னவென்று அறியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பட்டைக்குள் பால்நாளங்கள் பெரும்பாலும் உள்பக்கம் ஓடுகின்றன. அதற்கும் உள்ளே, மரத்தை ஒட்டி, வளர்திசு. கத்தி அதற்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றுவிட வேண்டும். வெளியே அதிகம் நின்றால் பால் குறையும். உள்ளே போனால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும், மறுசுற்றில் அங்கே வெட்ட முடியாது. ஒரு வெட்டில் சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான். இருட்டோடு எழுந்து, பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு நிரையில் இப்படி நூற்றுக்கணக்கான மரங்கள். கத்தி மரத்தைச் சுற்றும்போது கால்களும் சுற்றும். அளவுகோல் கிடையாது, கை மட்டுந்தான். காயம் பட்டால் கங்காணியின் ஏச்சு. என் அம்மாவின் கையும் அந்தக் கைதான். அதைத் திறமை என்று தோட்டத்தில் யாரும் அழைக்கவில்லை; கூலிக் கணக்கில் அது வெறும் நாள்வேலை.

பெரியம்மா உளியை வாங்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து விலாவோடு ஒட்டினார். “இப்ப நவுரு.” நான் கையை நீட்டாமல் இடுப்பிலிருந்து நகர்ந்தேன். உளியிலிருந்து ஒரு சீவல் எழுந்தது. உடையாமல், நூலாக, என் மணிக்கட்டின் மேல் சுருண்டு விழுந்தது. பெரியம்மா அதை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். “இதுதான் கனம்” என்றார். பிறகு டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைதல் எவ்வளவு பழைய சொல் நம் மொழியில்! தயிர் கடைகிறோம், கீரை கடைகிறோம், மரமும் கடைகிறோம். அம்பாசமுத்திரத்தில் கடைசல்காரர்கள் குழந்தைகளுக்கு மரச்சொப்பு கடைந்து வண்ணம் ஏற்றிய மரபு நமக்கு உண்டு. மலாயாவுக்கு வந்த நம்மவர்களின் கையில் அந்த உளி இல்லை. பால்வெட்டுக் கத்தியைத்தான் கொடுத்தார்கள். ஆனால் கை ஒன்றுதான் என்பதை அந்த ஒரு சீவலில் கண்டேன்.

மத்தியானத்துக்குள் துண்டு உருண்டையாகி, மெலிந்து, புஷ்ஷின் விளிம்போடு சமமானது. ஓரிடத்தில் மட்டும் மேற்பரப்பு பஞ்சு போல நின்றது. சாய்ந்து வளர்ந்த பால்மரத்தில் இப்படி வரும். இழுவையைத் தாங்க மரம் தனக்குள் வளர்த்துக்கொண்ட இழை அது. உளியைத் தீட்டி மறுபடி மெல்லச் சீவியதும் அடங்கியது. பிறகு 150ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 600 வரை. லேத்தை நிறுத்தி, இழை போகும் திசையில் கையால் ஒரு தேய்ப்பு. கடைசியாக அவலரக்கு மெருகைத் துணியில் தொட்டு, சுற்றும் மரத்தில் பிடித்தோம். சூட்டில் அரக்கு இளகிப் படிந்தது. மரம் ஈரமானது போல ஒளி ஏறியது.

முனையையும் திருகு பாகத்தையும் பட்டறைப் பிடிப்பில் வைத்து அழுத்திப் பொருத்துவது கடைசி வேலை. திருகு பாகத்தைக் கொஞ்சம் அதிகம் அழுத்தினால் ரீஃபில் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை அண்ணனே செய்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொருத்தும்போது அவர் சொன்ன ஒன்று என்னை உலுக்கியது. ரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்து வேகவைத்தால் கல் போல இறுகும். அதன் பெயர் எபோனைட். 1920களின் நடுவில் செல்லுலாய்டு வரும் வரை உலகின் நல்ல மையூற்றுப் பேனாக்கள் பெரும்பாலும் அதில்தான் கடையப்பட்டன. திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்றும் எபோனைட்டைக் கையால் லேத்தில் கடைகிறார்கள். மலாயாத் தோட்டப் பால் உலகச் சந்தையை நிறைத்ததும், அந்தப் பேனாக்கள் கோலோச்சியதும் ஒரே காலம். எழுதப் படிக்க வாய்க்காத கைகள் வெட்டிய பால், யார் யாரோ கையெழுத்துப் போடும் பேனாவாயிற்று. எந்தப் பேனாவிலும் தோட்டத்தின் பெயர் இல்லை.

அதனால்தான் அண்ணன் பெயர் எழுதுகிறார். பேனாவை வைக்கும் பெட்டிக்குள் ஒரு சின்னச் சீட்டு: மரம் நின்ற தோட்டம், டிவிஷன். வாசலில் ஒரு துண்டில் ஹார்வர்ட் என்று இருந்தது. 1946-47இல் ஏ. எம். சாமி தொண்டர் படை திரட்டி, கள்ளுக்கடைக்கு எதிராகத் தொழிலாளரை நிறுத்திய தோட்டம் அது. இன்னொன்றில் புக்கிட் சீடிம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற துண்டாடலில் நம் சனம் வீதிக்கு வந்துகொண்டிருந்த நாளில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்து பத்து வெள்ளியாகச் செலுத்திய பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம்தான் புக்கிட் சீடிம். இந்த வரலாறு நம் பிள்ளைகளிடம் அதிகம் போய்ச் சேர்வதில்லை. ஒரு பேனாவைக் கையில் கொடுத்தால், பெட்டியைத் திறந்ததும் கேட்பார்கள்.

எழுதுகிறவர்களுக்கும் இந்த மரத்தில் உரிமை உண்டு. 2017இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற சீ. முத்துசாமி இதே கெடாக்காரர். ‘மண்புழுக்கள்’ நாவலில் தோட்டத்து வாழ்க்கையை எழுதியவர். இந்த மாநிலத்தின் தோட்டங்கள் தமிழுக்குப் பாலோடு எழுத்தையும் கொடுத்திருக்கின்றன.

தோட்டக் கணக்கில் பால்மரத்துக்கு ஆயுள் 25 முதல் 30 வருடம். அதற்குப் பிறகு சாய்த்துவிடுவார்கள். முன்பெல்லாம் அதே இடத்தில் இளங்கன்று வரும். இப்போது பெரும்பாலும் செம்பனை. செம்பனை புல் இனத்தைப் போல ஒருவித்திலை. அதன் தண்டு நாரும் சோறுமாக இருக்கும், அப்படியே லேத்தில் ஏற்றிக் கடைய முடியாது. ஆகவே இப்போது நிற்கும் பழைய பால்மரங்கள் போனால், நம் பாட்டன் பாட்டி தொட்ட மரத்தில் ஒரு துண்டுகூட மிஞ்சாது.

கெடாவில், பேராக்கில், ஜொகூரில் எங்கிருந்தாலும், நீங்கள் பிறந்த தோட்டத்தில் மரம் சாய்க்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், அன்றே போய் குத்தகைக்காரரிடம் ஓர் அடித் துண்டு கேளுங்கள். கொடுத்துவிடுவார்கள், அவர்களுக்கு அது பெரிய காரியமில்லை. இரண்டு முனையிலும் மெழுகு உருக்கிப் பூசுங்கள். தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் அதில் எழுதுங்கள். வண்டு துளைக்குமுன் சட்டமாக அறுத்து, போராக்ஸும் போரிக் ஆசிட்டும் கரைத்த வெந்நீரில் ஊறப் போடுங்கள். கடைய ஆள் பிறகு கிடைப்பார்.