வாசலை விட்டு வண்டியை எடுங்க சார்!

மேற்கு மாம்பலத்தை நேரில் பார்க்காதவர்கள்கூடப் பத்திரிகை ஜோக்குகளில் பார்த்திருப்பார்கள். ஒரு காலத்தில் அந்தப் பேட்டையின் பெருமை முழுக்கக் கொசுவை நம்பித்தான் இருந்தது. 'மாம்பலத்துக் கொசு ஆளையே தூக்கிண்டு போயிடும்' என்று பெண் கொடுக்க வந்தவர்களைப் பயமுறுத்துவார்கள். கொசு இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் மார்க்கெட் போய்விட்டது, பாவம்!

இன்றைய நம்பர் ஒன் பிரச்னை நாலு சக்கரத்தில் வருகிறது. வந்து, உங்கள் வீட்டு கேட்டுக்கு நேர் முன்னால் நிற்கிறது. அதிலிருந்து ஒருவர் இறங்குகிறார். சாவியை அமுக்குகிறார். 'கீக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், ஆளைக் காணோம். நீங்கள் உள்ளே, உங்கள் கார் உள்ளே, கேட்டுக்கு வெளியே அவர் கார். வீட்டுச் சிறை என்று அரசியல் தலைவர்களை வைப்பார்களே, அதே சிறைதான். என்ன, போலீஸ் காவல் மட்டும் கிடையாது!

மாம்பலம் ஸ்டேஷனில் மேற்குப் பக்கமாக இறங்கி ஒரு நடை நடந்து பாருங்கள். கறிகாய்க் கூடைகள், பூக்காரிகள், காப்பிப்பொடி வாசனை. அப்படியே ஆரிய கவுடா ரோடு பக்கம் போனால் அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசம். வாசலில் செருப்புகள் ஜோடி ஜோடியாக என்ன ஒழுங்காக இருக்கின்றன! செருப்பை அத்தனை பதவிசாக விட்டவர், கார் என்று வரும்போது மட்டும் அடுத்த தெருவில் யார் வீட்டு வாசலிலோ விட்டுவிட்டு வந்து, 'பிறருக்குத் தீங்கு நினையாமை' பற்றிக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

லேக் வியூ ரோடு என்று ஒரு ரோடு இருக்கிறது. எந்த லேக், எங்கே வியூ என்று கேட்காதீர்கள். ஒரு காலத்தில் நிஜமாகவே பெரிய ஏரி இருந்தது. 1920-களில் தியாகராய நகரை உருவாக்கியபோது ஏரி மனையானது. 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் ஆபீஸ் போகிறவர்கள் குடிவந்தார்கள். ஒரு கிரவுண்டு மனை. அதில் ஒரு வீடு, ஒரு கிணறு, ரெண்டு தென்னை, திண்ணையில் சாய்த்து வைத்த ஒரு சைக்கிள். தெருவுக்கு இருபதடி அகலம் தாராளமாகப் போதும். மாட்டு வண்டியும் தயிர்க்காரியும்தானே வரப்போகிறார்கள்!

இப்போது அதே ஒரு கிரவுண்டில் ஆறு ஃபிளாட். தென்னை போச்சு, கிணறு போச்சு. ஆறு குடும்பத்துக்கு ஆறு கார், பத்து டூ வீலர். கீழே தூண்களுக்கு நடுவே உள்ள இடத்தில் நாலு காரைத் திணிக்கலாம். மீதி ரெண்டு? தெருவுக்குத்தான். இந்தக் கணக்கை ஒரு தெருவில் இருபது மனைக்குப் பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும். ஆக, கார்க்காரர் கெட்டவர் என்பதால் மட்டும் உங்கள் வாசலில் நிறுத்துவதில்லை. அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஜப்பானில் 1962-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். கார் வாங்க வேண்டுமா? வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸிடம் சான்றிதழ் வாங்கி வா! நம் ஊரில் வரிசை வேறு. முதலில் கார், பிறகு கார் முன்னால் எலுமிச்சம்பழம், அதன் பிறகுதான் 'எங்கே நிறுத்துவது?' என்ற யோசனை.

வாசலில் நிறுத்துகிறவர்களைச் சில நாள் நின்று கவனித்தால் இனம் பிரித்துவிடலாம்.

முதல் ரகம், 'ரெண்டே நிமிஷம் சார்!' இந்த ரெண்டு நிமிஷத்துக்குள் அவர் டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி, பக்கத்தில் ஒரு டிகிரி காப்பியும் சாப்பிட்டுவிடுவார்.

ரெண்டாவது ரகம், நாலு மூலையிலும் விளக்கைச் சிமிட்டவிட்டுப் போகிறவர். விளக்கு சிமிட்டினால் கார் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்று நம்புகிறவர்.

மூன்றாவது, உறை போட்ட கார். முதலாளி வெளியூரில். கார் மாதக்கணக்கில் அதே இடத்தில். அடியில் பூனை குட்டி போட்டு, குட்டிகள் பெரிசாகி, அவையும் அங்கேயே குடித்தனம்.

நாலாவது ரகம், கண்ணாடியில் தன் போன் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போகிற புண்ணியவான். இவர் வம்சம் தழைக்கட்டும்!

கேட்டுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர்கள் மாட்டும் போர்டுகளே ஒரு தனி இலக்கியம். முதல் வருஷம், 'தயவுசெய்து இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்.' அடுத்த வருஷம் தயவு காணாமல் போகும். மூன்றாம் வருஷம், 'மீறினால் டயர் காற்று பிடுங்கப்படும்!' எழுதியவர் ஒரு விஷயத்தை யோசிக்கவே இல்லை. காற்றைப் பிடுங்கினால் வண்டி எப்படி நகரும்? ரெண்டு மணி நேரத்தில் போயிருக்க வேண்டிய கார், ராத்திரி முழுக்க உங்கள் வாசலிலேயே தங்கும்!

போர்டோடு நின்றாலாவது பரவாயில்லை. சிலர் பூந்தொட்டியையும் சிமென்ட் நிரப்பின பெயின்ட் டப்பாவையும் தெருவில் வரிசையாக வைத்து எல்லை கட்டுகிறார்கள். காரேறும் சரிவைத் தெருவுக்குள் நாலடி நீட்டுகிறார்கள். அப்புறம், 'தெரு ரொம்பக் குறுகலாப் போச்சு சார்' என்று அவர்களே அலுத்துக்கொள்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1989-ல் வந்த சாலை விதிகளிலேயே, ஒரு கட்டடத்தின் வாசலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்று தெளிவாக இருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இந்த மாதிரி மீறலுக்கு முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம். மறுபடி மாட்டினால் 1500 வரை. நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கிற வண்டியையும், பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் அநாதையாக விட்ட வண்டியையும் அப்புறப்படுத்தவோ, சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ உத்தரவிட, சீருடையில் இருக்கிற போலீஸ் அதிகாரிக்கு 127-வது பிரிவு அதிகாரம் கொடுக்கிறது.

கவனியுங்கள், அதிகாரம் போலீஸுக்கு. உங்களுக்கும் எனக்கும் இல்லை! நாமே காற்றைப் பிடுங்கினாலும், ஆணியால் கோடு கிழித்தாலும், சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றம் நம் தலையில் விழும். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்கு 324-வது பிரிவு தயாராக இருக்கிறது. வாசலை மறித்தவர் 500 ரூபாயோடு போவார். நீங்கள் வக்கீல் வீட்டுக்கு நடப்பீர்கள்.

இன்னொரு விஷயமும் கேட்டுக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் போய்வர வழி உங்கள் உரிமை. அதற்காகக் காம்பவுண்டு சுவரை ஒட்டிய தெரு முழுக்க உங்கள் பாட்டன் சொத்து ஆகிவிடாது. 'என் வீட்டு முன்னாடி என் காரைத்தான் நிறுத்துவேன்' என்பதும் செல்லாது. கேட்டின் அகலத்துக்கு மட்டும்தான் உங்கள் அதட்டல் எடுபடும்.

இதெல்லாம் சண்டைக்கும் சிரிப்புக்கும் சரி. ஒரு ராத்திரி எங்கள் தெருவில் சிரிப்பு நின்றுபோனது.

எதிர்சாரியில் ஒரு மாமா. பேங்க்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், எழுபத்தைந்து தாண்டியவர். ராத்திரி ரெண்டரை மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டுகிறது. மாமி போட்ட சத்தத்தில் மகன் ஓடிப்போய்க் காரை ஸ்டார்ட் செய்து, கேட்டைத் திறந்தால்... குறுக்கே ஒரு சாம்பல் நிறக் கார்.

யாருடையது? தெரியாது. ஹாரன் அடித்தார்கள். அந்தக் காரையே பிடித்து உலுக்கினார்கள். அலாரம் 'பாம் பாம்' என்று அலறிற்று. தெருவில் அத்தனை வீட்டிலும் விளக்கு எரிந்தது. காரின் சொந்தக்காரர் வீட்டைத் தவிர!

108-க்குப் போன் போட்டார்கள். வந்தார்கள், சீக்கிரமே வந்தார்கள். ஆனால் ரெண்டு பக்கமும் நின்ற கார்களுக்கு நடுவே அந்தப் பெரிய வண்டி நுழைய முடியவில்லை. தெருமுனையிலேயே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் மாமாவை உட்கார்த்தி வைத்து நாலு பேர் தூக்கினோம். தெருமுனைக்கு நூறடி இருக்கும். கார், பைக், பூந்தொட்டி, சிமென்ட் டப்பா என்று வளைந்து வளைந்து போனதில் அந்த நூறடி ஒரு மைல் மாதிரி இருந்தது. மாமி வெறுங்காலோடு பின்னாலேயே வந்தாள். "மெதுவா... மெதுவா... சீக்கிரம் போங்கோ" என்று ரெண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பிழைத்துவிட்டார். அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள்.

காலை ஆறரைக்கு அந்தச் சாம்பல் காரைத் துடைக்க வாளியும் துணியுமாக ஒருவர் வந்தார். நாலு வீடு தள்ளி இருக்கிற ஃபிளாட்டில் இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறவர்.

"என்ன சார், ராத்திரி ஏதோ அலாரம் அடிச்ச மாதிரி இருந்துதே? யார் வண்டி?"

ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த மகன் கத்தவில்லை. "உங்க வண்டிதான் சார். அப்பா ஐ.சி.யூ.வில இருக்கார்" என்றார்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ... வந்து எழுப்பியிருக்கலாமே சார்?"

"எந்த வீடுன்னு தெரியாதே சார்."

அந்த ஒரு வார்த்தை தெரு முழுக்கச் சுற்றி வந்தது. நினைத்துப் பார்த்தால் நிஜம்தான். எந்தக் கார் எத்தனை மணிக்கு எந்த வாசலில் நிற்கும் என்பது எல்லோருக்கும் அத்துப்படி. சில பேருக்கு நம்பர் பிளேட்கூட மனப்பாடம். அதை ஓட்டுகிறவர் பெயர்தான் யாருக்கும் தெரியாது. திண்ணை இருந்த காலத்தில் தெருவில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் ஊருக்கே தெரியும். இப்போது இரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிற ஆளுக்கு முகம் கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் கூடினோம். சாம்பல் கார்க்காரரே நாற்காலி எடுத்துப் போட்டார். 'நீ தொட்டியை எடு', 'நீ முதல்ல காரை எடு' என்று அரை மணி நேரம் இரைச்சல். பிறகு காப்பி வந்தது. காப்பிக்கு அப்புறம் மூன்று முடிவுகள் ஆயின. எவர் கேட்டுக்கு முன்னாலும் 'ரெண்டு நிமிஷம்' கூடக் கிடையாது. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும் வண்டிகள். இடம் பற்றாதவர்கள் மெயின் ரோடு பக்கம் மாதச் சந்தாவுக்கு நிறுத்திக்கொள்ள வேண்டியது. தொட்டிகளும் டப்பாக்களும் சுவருக்கு உள்ளே.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நோட்டு. அதில் கார் நம்பர், வீடு, பெயர், போன். அதன் நகல் ஒவ்வொரு கேட்டுக்கும் உட்புறம் ஒட்டியாயிற்று. வெளியாட்கள் வண்டி மணிக்கணக்கில் நின்றால் போட்டோ எடுத்து டிராஃபிக் போலீஸுக்குச் சொல்வது. உள்ளூர்க்காரர் வண்டியானால் முதலில் போன், மணி ரெண்டரை ஆனாலும் சரி.

இந்த நோட்டை யார் பார்த்துக்கொள்கிறார் என்கிறீர்கள்? ஸ்டென்ட் வைத்த மாமாதான்! பேங்க் லெட்ஜர் மாதிரி சிவப்பு மசியில் கோடு போட்டு வைத்திருக்கிறார். புதுசாக யார் குடிவந்தாலும் பால் காய்ச்சுவதற்குள் போய் நின்றுவிடுகிறார். "வண்டி இருக்கா? நம்பர் சொல்லுங்கோ. ராத்திரி போனை சைலன்ட்ல போடாதீங்கோ." முன்பின் தெரியாதவர்கள் அவரை ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரர் என்றே நினைக்கிறார்கள்.

உடனே எங்கள் தெரு சொர்க்கமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு 'ரெண்டே நிமிஷம்' வரத்தான் செய்கிறது. ஆனால் 'யாருடா அவன்?' என்பது போய், 'மூணாம் மாடி தம்பியா? கொஞ்சம் கீழ வாப்பா' என்று ஆகியிருக்கிறது. பேர் தெரிந்த ஆளைத் திட்டுவது கஷ்டம். பேர் தெரிந்தவர் வாசலில் வண்டியை விட்டுவிட்டுப் போவதும் கஷ்டம்தான்.

மாம்பலத்துத் தெருக்களில் அவ்வப்போது சுவாமி புறப்பாடு உண்டு. நாதஸ்வரம் தெருமுனையில் கேட்டதும் நடக்கிற அதிசயத்தைப் பார்க்க வேண்டும். உறை போட்ட கார்கூட எங்கோ ஒதுங்கிவிடும். இருபதடித் தெரு திடீரென்று நாற்பதடியாகத் தெரியும். வாசல் தெளித்து, கோலம் போட்டு, கற்பூரத் தட்டோடு எல்லோரும் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். இடமே இல்லை என்று வருஷம் முழுக்கச் சொன்ன தெருவில் அத்தனை இடம்!

பெருமாளுக்குக் கருட வாகனம். நமக்கு நேரம் வந்தால் 108. அதுவும் வாகன சேவைதான் சார், கொஞ்சம் வழி விடுங்கள்!