வேதாரணியத்தில் ஒரு மார்கழி மாலை

மார்கழிப் பிரயாணத்துக்குக் கனத்த கம்பளியும் நல்ல சிநேகிதரும் வேண்டும் என்பது நம்முடைய கொள்கை. சென்ற மார்கழியில் இவ்விரண்டின் துணையோடும் வேதாரணியம் போய்ச் சேர்ந்தோம். பனிக்காலத்தில் அங்குள்ள சதுப்பு நிலத்துக்குப் பூநாரைகள் வருகின்றன. அவற்றைக் கண்குளிரக் காண்பதே நோக்கம்.

காலையில் முதலில் அகஸ்தியம்பள்ளி ஸ்தூபியைத் தரிசித்தோம். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் கால்நடையாகப் புறப்பட்ட ராஜாஜி, ஏப்ரல் 30-ந் தேதி உப்பு அள்ளிச் சட்டத்தை மீறியது இவ்விடத்தில்தான். நம் சிநேகிதருக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. தொண்டர்களுக்குச் சோறிடுவோர் தண்டிக்கப்படுவார்கள் என்று சர்க்கார் மிரட்டியதையும், ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டிவைத்ததையும் அவர் விவரித்தபோது நமக்குக்கூடக் கண் கலங்கிற்று.

பிறகு 1967-ல் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்கரைக் காட்டில் வெளிமான்களைக் கண்டோம். திரும்பும் வழியில் உப்பளங்களுக்கு அப்பால், சதுப்பில் இளஞ்சிவப்பாக ஒரு வரிசை தென்பட்டது. பூநாரைகளேதான்! சிநேகிதர் வண்டியை நிறுத்தச் சொல்லிக் குதித்தார்.

வரப்பில் நின்றிருந்த உப்பளத் தொழிலாளி ஒருவர் கையை உயர்த்தினார். "ஐயா, அந்தப் பக்கம் போகாதீங்க. மேலே காய்ஞ்ச மாதிரி இருக்கும், உள்ளே உளை!"

"நாலு நாளாக மழையே இல்லையே! இவர்களுக்கு எதற்கெடுத்தாலும் பயம்" என்று நம்மிடம் சொல்லிவிட்டுச் சிநேகிதர் நடந்தார். நாமும் பின்தொடர்ந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

ஐம்பது அடி போவதற்குள் சிநேகிதரின் கால் முழங்கால் வரையில் இறங்கியது. அதை இழுக்க மறுகாலை ஊன்றினார்; அது தொடை வரையில் போயிற்று. நாம் கை நீட்டியபோது நம் காலடியும் நெகிழ்ந்தது. பறவைகள் ஒரே சமயத்தில் எழும்பிப் போய்விட்டன. வாடைக்காற்றுடன் தூறலும் ஆரம்பித்தது. இருள் கவிந்தது. சிநேகிதரின் உதடுகள் நீலம் பாரித்தன.

அப்போது அந்த மனிதர் ஓடி வந்தார். தோளில் ஒரு பலகை. கையில் கட்டாகக் கீற்றுகள். "ஆடாதீங்க ஐயா! முன்னாலே சாய்ஞ்சு படுங்க!" என்று கூவிக்கொண்டே கீற்றுகளைச் சேற்றின்மேல் பரப்பி, பலகையில் படுத்துச் சிநேகிதரின் கைகளைப் பற்றினார். அரைமணி நேரம் போராடியபின் சிநேகிதர் கரையேறினார். அவருடைய பாதரட்சைகள் மட்டும் சதுப்புக்கே காணிக்கையாயின.

"எங்கள் சமீபத்தில் எப்படி இருந்தீர்கள்?" என்று நாம் கேட்டோம்.

"நீங்க கேக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுது. அதான் வீட்டுக்குப் போகாம நின்னேன்" என்றார்.

அதற்குள் அவர் மறுபடியும் வரப்பை நோக்கி ஓடினார். ஏன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. அவர் கொண்டு வந்த கீற்றுகள் உப்புக் குவியலை மூடியிருந்தவை! தூறல் வலுத்துக்கொண்டிருந்தது, பல மாத உழைப்பு திறந்து கிடந்தது. சேறு வழியும் உடம்போடு சிநேகிதர் முதலில் ஓடினார். மூவருமாகக் கீற்றுகளைச் சேற்றிலிருந்து பொறுக்கி மீண்டும் வேய்ந்து முடித்தோம். ஓரத்தில் கொஞ்சம் உப்பு கரைந்தே போயிற்று. அதைப் பற்றி அம்மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் குடிசையில் சூடான கஞ்சி கிடைத்தது. பணம் நீட்டினோம்; வாங்க மறுத்துவிட்டார். கஞ்சியில் உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது. சிநேகிதர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இரவு ஊர் திரும்புகையில் வண்டி ஸ்தூபியைத் தாண்டிற்று. காலையில் அங்கே நெடுநேரம் பிரசங்கம் செய்தவர் இப்போது நிறுத்தச் சொல்லி, வெறுங்காலோடு இறங்கி, ஒன்றும் பேசாமல் கைகூப்பி நின்றார்.