இறக்கத்தில் நியூட்ரல்: மிச்சம் எங்கே என்று ஒருக்கா கணக்குப் பார்ப்போம்



பாடசாலை விடுமுறை வருகிறது. எங்கள் ஊரிலிருந்து கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் வேன் வேனாகக் குடும்பங்கள் கிளம்பப் போகின்றன. அதற்கு முதல் ஒரு விஷயத்தைப் பேசிவிடுவோம் என்று நினைத்தோம். பதிவு கொஞ்சம் நீளம். வாகனம் ஓட்டாதவர்களும் வாசியுங்கள், கடைசிப் பகுதி உங்களுக்குத்தான்.

ஓட்டோ கியர் வாகனத்தை மலை இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருள விடுகிற பழக்கம் எங்களுக்குள் நிறையப் பேரிடம் இருக்கிறது. "எண்ணெ மிச்சம்" என்பதுதான் காரணம். 2022 இல் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா வரை போனது. கியு.ஆர். கோட்டில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று தொடங்கினார்கள். செட்டில் இரவு பகலாக வரிசையில் கிடந்த எங்களுக்கு ஒரு சொட்டும் பெரிசாகத் தெரிந்தது. வரிசை போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் நியாயமும் இருந்தது. மொரிஸ் மைனர், பழைய டட்சன் சன்னி எல்லாம் காபுரேட்டர் வண்டிகள். காலை எடுத்தாலும், கியரில் வேகமாகச் சுழலும் எஞ்சின் காபுரேட்டரிலிருந்து கொஞ்சம் எண்ணெயை இழுத்துக்கொண்டே இருக்கும். நியூட்ரலில் போட்டால் சுழற்சி குறைந்து செலவும் சற்றுக் குறையும். எங்கள் வாப்பாமார் செய்தது அவர்களுடைய வண்டிக்குச் சரி.

இப்போது எங்கள் கையில் இருக்கிற வெகன் ஆர், விட்ஸ், அக்சியோ, கே.டி.எச். வேன் எதுவும் அப்படி இல்லை. இவற்றில் எவ்வளவு எண்ணெய் உள்ளே போக வேண்டும் என்பதைக் கணினிதான் தீர்மானிக்கிறது. கியர் 'டி' இல் இருக்க, எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் வந்தால் கணினி எண்ணெயை முழுவதுமாக வெட்டிவிடும். அந்த நேரம் எஞ்சினைச் சுழற்றுவது எண்ணெய் அல்ல, சில்லுகள். வேகம் நன்றாகக் குறைந்தால்தான் மறுபடி எண்ணெய் வரும்.

நியூட்ரலில் போட்டால் சில்லுக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அறுந்துவிடும். எஞ்சின் அணையாமல் இருக்கத் தனக்கென்று எண்ணெய் குடித்தாக வேண்டும். சிறிய கார் ஒன்று சும்மா இயங்கினாலே மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் போகும். அப்படியென்றால் 20 நிமிட இறக்கத்துக்குக் கிட்டத்தட்ட 170 மில்லிலீற்றர் வரலாம். 'டி' இல் வந்திருந்தால் அதில் பெரும்பகுதி செலவே இல்லை. மிச்சம் பிடிக்கப் போய் செலவழிக்கிறோம்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். மிக மெதுவான சரிவில், எங்கள் பக்கத்துப் பாலத்து இறக்கம் மாதிரி இடத்தில், நியூட்ரலில் வண்டி கொஞ்சம் கூடத் தூரம் உருளும். அதில் துளி மிச்சம் வரலாம். ஆனால் பிரேக் மிதிக்கத் தேவைப்படுகிற இறக்கத்தில் அந்தக் கணக்கு செல்லாது.

எண்ணெயை விடுங்கள், பெரிய விஷயம் பிரேக்.

வகுப்பில் படிப்பிக்கிற அதே கணக்குத்தான். ஆட்களோடு 1,200 கிலோ வருகிற கார் 500 மீற்றர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி சுமார் 59 இலட்சம் ஜூல். 20 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, எங்கள் ஊர் கடற்கரையில். மிச்சத்தை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

கியரில் வந்தால் அந்தச் சக்தியில் நல்லதொரு பங்கை எஞ்சின் பிடித்து வைத்துக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால், காற்று தடுப்பது போக, கிட்டத்தட்ட முழுவதும் பிரேக் தட்டுகளின் தலையில் விழும். தட்டு சூடேற ஏறப் பிடி குறையும். பிரேக் ஒயிலும் சூடேறும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கையில் 205 பாகையில்தான் கொதிக்கும். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் 140 பாகையிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் உள்ளே குமிழி. குமிழி வந்தால் மிதி பஞ்சு மாதிரி கீழே போகும், வண்டி நிற்காது.

கண்டிக்குப் போகிற எங்கள் பாதையையும் யோசியுங்கள். மஹியங்கனைக்கு அப்பால் இருக்கிற பதினெட்டு வளைவு போகும்போது ஏற்றம். திரும்பி வரும்போதுதான் இறக்கம். ஓட்டுநர் களைத்திருப்பார், பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள், வீட்டுக்குப் போகிற அவசரம் எல்லோருக்கும் இருக்கும். ஆபத்தான துண்டு அந்த நேரத்தில்தான் வருகிறது.

சென்ற வருடம் நாங்கள் சில ஆசிரியர்கள் குடும்பத்தோடு ஹையர் வேனில் கண்டி போய்த் திரும்பினோம். பிள்ளைகளோடு பதினாலு பேர். அஸருக்குப் பிறகு அந்த வளைவுகளில் இறங்கும்போது ஓட்டுநர் தம்பி கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். நாலைந்து வளைவு தாண்ட, கருகிய வாடை வந்தது. எங்களில் மூத்த ஆசிரியர் மெல்லக் கேட்டார்:

"தம்பி, என்ன வாடை?"

"பிரேக் சேர். பிரச்சினை இல்ல. எண்ணெ மிச்சம் பிடிக்கத்தான் நியூட்ரல்ல விட்ட."

"அந்த எண்ணெக் காசை நாங்க தாறம் தம்பி. கியர்ல போட்டு, ஓரமா ஒருக்கா நிப்பாட்டுங்க. புள்ளையளும் இறங்கி கால நீட்டட்டும்."

தம்பி கோபிக்கவில்லை. நிறுத்தினார். அரை மணி நேரம் ஆற விட்டோம். பிறகு 'ஓ.டி.' பொத்தானை அணைத்து, '2' இல் போட்டு இறங்கினார். வாடையும் இல்லை, வளைவில் பிள்ளைகள் ஆடி விழுந்ததும் இல்லை. "இதை ஒருத்தரும் சொல்லித் தரல்ல சேர்" என்றார். அவர் சொன்னது உண்மை. லைசன்ஸ் எடுக்கும்போது எங்களில் எத்தனை பேருக்குச் சொல்லித் தந்தார்கள்?

கியர்பெட்டிக்கும் இதில் கேடு உண்டு. ஓட்டோ கியரின் உள்ளே ஒயிலைச் சுற்றவிடும் பம்பை எஞ்சின்தான் ஓட்டுகிறது. நியூட்ரலில் எஞ்சின் மெதுவாகச் சுழல, சில்லுப் பக்கத்துப் பாகங்கள் வேகமாகச் சுழலும், போகிற ஒயிலோ குறைவு. எஞ்சினை அணைத்துவிட்டால் ஒயிலே போகாது. பழுதான ஓட்டோ வாகனத்தை ஓட்டும் சில்லுகள் தரையில் உருள இழுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். அக்வா, பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: நியூட்ரலில் பெற்றரிக்குச் சார்ஜ் ஏறாது. இறக்கத்தில் சும்மா கிடைக்கிற சக்தியைத் தெருவில் கொட்டிவிட்டு வருகிறீர்கள்.

ஓட்டுபவர்கள் செய்ய வேண்டியவை:

1. இறக்கம் தொடங்க முதலே வேகத்தைக் குறைத்து, வண்டிக்கேற்ப 'எல்', 'எஸ்', 'பி' அல்லது '2' இல் போடுங்கள். எஞ்சின் சத்தம் கூடினால் பயப்படாதீர்கள், அது வண்டியைப் பிடிக்கிற சத்தம்.

2. பிரேக்கில் காலை வைத்தபடியே வராதீர்கள். ஒருக்கா அழுத்திக் குறைத்து, காலை எடுத்து ஆற விடுங்கள்.

3. ஓடும்போது சாவியை அணைக்கவே வேண்டாம். பிரேக் இரண்டு மூன்று மிதியில் கல்லாகிவிடும், ஸ்டியரிங் கனத்துவிடும், சாவியை உருவினால் பூட்டியும்விடலாம்.

4. வாடை வந்தால் நிறுத்தி ஆற விடுங்கள். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

5. மிதி கீழே போனால் விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள். கியரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள்.

6. பயணத்துக்கு முதல் பிரேக் ஒயில் மாற்றி எத்தனை வருடம் என்று பாருங்கள். இரண்டு தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

இனி ஓட்டாதவர்களுக்கு. பின்னால் இருக்கிற நாங்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. "ஓட்டுறவருக்குத் தெரியாதா, மனம் நோகும்" என்று விட்டுவிடுகிறோம். வேனில் ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையும் ஓட்டுநரிடம் மட்டுமல்ல, கூடப் போகிற பெரியவர்களிடமும் உள்ள அமானிதம். மரியாதையாகச் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். "காக்கா, இறக்கம் வருது, கியர்லயே விடுங்க" என்ற ஒரு வார்த்தை போதும். ஹையர் பேசும்போதே, "எண்ணெக் காசு கூடினா நாங்க தாறம், நியூட்ரல்ல விட வேணாம்" என்று சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

எங்கள் ஊர் வேன் ஓட்டுநர் சகோதரர்களே, இந்தப் பாதைகளில் எங்களைவிட உங்களுக்கு அனுபவம் அதிகம். எந்த வண்டிக்கு எந்த இறக்கத்தில் எந்தக் கியர் என்று கீழே எழுதுங்கள். புதிதாக ஓட்டப் பழகுகிற பிள்ளைகளுக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

எல்லோரும் போய், சுகமாக வீடு வந்து சேருங்கள்.