பெம் நட்டு

வேலை பார்த்த இடத்தைப் பற்றி நான் இங்கே எழுதியது குறைவு. யாராவது கேட்டால் 'தகடு வளைக்கிற கம்பெனி' என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன். என் பேரனுக்கும் அவ்வளவுதான் தெரியும். ஆனால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 31 வருடம் ஓட்டியவன் நான். அதில் பாதிக்கு மேல் தர ஆய்வுப் பிரிவில். சுண்டு விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு நட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதக்கூட விஷயம் இல்லையென்றால் எப்படி?

எங்கள் கம்பெனியில் செய்தவை பெட்டிகள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கான ரேக், பவர் சப்ளை பெட்டி, தெருவோரம் நிற்கும் கேபினெட் இப்படி. எல்லாம் மெல்லிய இரும்புத் தகடு. 1.2 மில்லிமீட்டர், மிஞ்சிப் போனால் 2 மில்லிமீட்டர். பெட்டி என்றால் கதவு வேண்டும், உள்ளே கார்டு மாட்ட வேண்டும், மூடியைத் திறந்து மூட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஸ்க்ரூ வேண்டும். ஸ்க்ரூ பிடிக்க மரை வேண்டும். தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

தகட்டிலேயே துளை போட்டு மரை வெட்டினால் என்ன என்று கேட்பீர்கள். எம்4 ஸ்க்ரூவில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி 0.7 மில்லிமீட்டர். 1.2 மில்லிமீட்டர் தகட்டில் முழுசாக இரண்டு சுற்று மரைகூட விழாது. நாலு தடவை கழற்றி மாட்டினால் வழித்துக்கொண்டு போய்விடும். சரி, சாதாரண நட்டைப் பின்னால் வைத்து முடுக்கலாம் என்றால், ஒருவர் வெளியே ஸ்க்ரூடிரைவருடன் நிற்க, இன்னொருவர் பெட்டிக்குள் கையை விட்டு ஸ்பானரால் நட்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மூடிய பெட்டியில் அதற்கும் வழியில்லை. நட்டை வெல்டு வைத்து ஒட்டலாம். நான் சேர்ந்த புதிதில் அப்படித்தான் செய்தோம். வெல்டிங் சூட்டில் தகடு நெளியும், பொறி தெறித்து மரைக்குள் ஒட்டும், ஒவ்வொன்றையும் மறுபடி டேப் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். துத்தநாகம் பூசிய தகடு என்றால் பூச்சு கருகிப் புகை வரும். அந்தப் புகையைப் பிடித்த வெல்டர்களுக்கு ராத்திரி குளிர் ஜுரம் வரும். மறுநாள் பால் குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொள்வார்கள்.

இதற்கெல்லாம் பதிலாக வந்ததுதான் பெம் நட்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில், 1942-இல் ஸ்வான்ஸ்ட்ரோம் என்பவர் தொடங்கிய பென் இன்ஜினியரிங் கம்பெனியின் சரக்கு. அவர்கள் வைத்த வியாபாரப் பெயர் 'பெம்'. நகல் எடுப்பதை எல்லாம் ஜெராக்ஸ் என்கிறோமே, அதுபோல யார் செய்த நட்டானாலும் எங்கள் பட்டறைப் பக்கம் அது பெம் நட்டுதான்.

பார்க்க உருண்டையாக இருக்கும். சாதாரண நட்டு மாதிரி ஆறு பட்டை கிடையாது. அடியில் ஒரு சின்னக் கழுத்து, தகட்டின் துளைக்குள் போகிற பாகம் அது. கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளம். பள்ளத்துக்கு மேலே, நாணய விளிம்பில் இருப்பது போல் வரிவரியாகப் பல் வைத்த ஒரு வளையம். துளையில் கழுத்தை வைத்து, மேலும் கீழும் சமமான தட்டைப் பரப்புகளுக்கு நடுவே வைத்துப் பிரஸ்ஸில் அழுத்த வேண்டும். இரும்புத் தகட்டில் எம்4 நட்டுக்குச் சுமார் 2 டன் அழுத்தம். பல் வளையம் தகட்டுக்குள் இறங்கும். இறங்குகிற இடத்தில் இருந்த இரும்பு எங்காவது போயாக வேண்டுமே? அது பக்கவாட்டில் நகர்ந்து அந்தப் பள்ளத்துக்குள் புகுந்து நிரப்பிக்கொள்ளும். சூடு இல்லை, பசை இல்லை, உருக்கவும் இல்லை. பச்சை இரும்பு களிமண் போல் ஒழுகிப் போய் உட்காருகிறது. பள்ளத்தில் புகுந்த இரும்பு நட்டை வெளியே வரவிடாது. பல் வளையம் அதைச் சுற்றவிடாது. தகட்டின் மறுபக்கம் வழவழவென்று சமமாக இருக்கும்.

நம் பத்தர்கள் கம்மலில் கல் பதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்லைக் குழியில் வைத்துவிட்டு, சுற்றியுள்ள தங்கத்தின் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லின் மேல் தள்ளிக்கொண்டே வருவார்கள். தங்கம் மெத்து, கல் கடினம். அதனால்தான் தங்கம் நகர்ந்து கல்லைப் பிடித்துக்கொள்கிறது. பெம் நட்டிலும் அதே கணக்கு. நட்டு கடினமாக இருக்க வேண்டும், தகடு மெத்தாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கடினம் என்றால் கதை கந்தல். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது நட்டைப் பற்றி அல்ல, துளையைப் பற்றி. எம்4 நட்டுக்கு 5.4 மில்லிமீட்டர் துளை. 0.08 வரை கூடலாம், குறையவே கூடாது. 0.08 என்பது ஒரு தலைமுடிக் கனம். பெரிதாகப் போனால், நகர்ந்து வரும் இரும்பு பள்ளத்தை எட்டாது. சிறிதாகப் போனால் கழுத்து உள்ளே போகாது. போகாததை அழுத்தினால் தகடு நெளியும். ட்ரில் போட்டுவிட்டு, கண்ணுக்குச் சரியாகத்தானே இருக்கிறது என்பவர்களோடு நான் சண்டை போட்டது கொஞ்சமல்ல.

பிசிறு விஷயம் இன்னும் வேடிக்கை. மற்ற எந்தத் துளைக்கும் பிசிறு எடுப்பது நல்ல பழக்கம். இதற்கு மட்டும் எடுக்கக் கூடாது. துளையின் விளிம்பைச் சீவினால், பள்ளத்துக்குள் போக வேண்டிய இரும்பையே சீவி எறிகிறோம். சுத்தமாக வேலை செய்கிற பையன்தான் இதைச் செய்வான். அவனைத் திட்டவும் மனசு வராது.

அடுத்தது சுத்தியல். பிரஸ் வேறு வேலையில் மாட்டிக்கொண்டால், ஒரு நட்டுத்தானே என்று சுத்தியலால் ஓங்கி ஒன்று போடுவார்கள். முறுக்கு அச்சை நிதானமாக அழுத்தினால்தான் மாவு இறங்கும். ஓங்கிக் குத்தினால் அச்சு உடையும். இரும்பும் அப்படித்தான், அதற்கு நகர நேரம் கொடுக்க வேண்டும். சுத்தியல் அடியில் நட்டு உட்கார்ந்த மாதிரி தெரியும், ஆனால் உட்கார்ந்திருக்காது.

இங்கே வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு விஷயம். கம்ப்யூட்டர் பெட்டி, யூ.பி.எஸ்., இன்வெர்ட்டர் இவற்றின் மூடியைக் கழற்றி மாட்டும்போது, ஸ்க்ரூ சரியாக ஏறவில்லையென்றால் உடம்பு பாரத்தைக் கொடுத்து அழுத்தாதீர்கள். ஸ்க்ரூவை முடுக்கும்போது நட்டு தகட்டை நோக்கி இழுபடும், அது நல்லது. நீங்கள் அழுத்தினால் அது தகட்டை விட்டு உள்ளே தள்ளப்படும். அது பலவீனமான திசை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முதல் இரண்டு சுற்றைக் கையாலேயே சுற்றுங்கள். நேராக ஏறினால் பிறகு ஸ்க்ரூடிரைவர். நட்டு ஒரு முறை கழன்று சுற்ற ஆரம்பித்துவிட்டால், மூடிய பெட்டியில் அந்த ஸ்க்ரூவை ட்ரில் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இனி, இந்த நட்டால் ஒருவர் வேலையே போக இருந்த கதை. 1990-களின் கடைசி. கடலோர ஊர்களில் வைக்க என்று ஒரு வாடிக்கையாளர் கேபினெட் கேட்டார். உப்புக் காற்றுக்குச் சாதாரண இரும்பு தாங்காது என்று, டிராயிங்கில் தகட்டை மட்டும் எஸ்.எஸ். 304 என்று மாற்றினார்கள். நட்டுக்கான வரி பழையபடியே இருந்தது. துத்தநாகம் பூசிய சாதாரண பெம் நட்டு. டிராயிங் வாடிக்கையாளரிடமிருந்து வந்தது, எங்கள் பிளானிங் பிரிவும் அப்படியே இறக்கிவிட்டது. கதவுக்கு 14 நட்டு வீதம் 60 கதவு அழுத்தி முடித்தாயிற்று.

அழுத்தியது ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். கான்ட்ராக்டர் மூலம் வந்தவர், ஆறு வருடமாக அந்தப் பிரஸ்ஸில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு நாளைக்கு ஆயிரம் நட்டுக்குக் குறையாமல் அழுத்துவார். எங்கள் ஆய்வில் அவர் கை வேலை திரும்பி வந்தது அபூர்வம்.

கதவுகள் அசெம்பிளிக்குப் போயின. காற்றில் ஓடும் ஸ்க்ரூடிரைவரை வைத்த உடனேயே நட்டுகள் சுற்ற ஆரம்பித்தன. சில, கையால் தள்ளினாலே விழுந்தன. மேனேஜர் வந்தார். "ஒழுங்கா அழுத்தாம விட்டிருக்கு" என்றார். அந்த வாரச் சம்பளத்தில் பிடித்தம், அடுத்த வாரம் முதல் வேறு ஆள் என்று கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டார். எஸ்.எஸ். தகடு விலை உங்களுக்குத் தெரியும். 60 கதவு வீணானால் யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். கட்டச் சுலபமான தலை அது.

நான் பிரஸ்ஸுக்குப் போய்க் கேட்டேன். "என்னம்மா ஆச்சு?"

"முதல் நாளே சூப்பர்வைசர் சார்கிட்ட சொன்னேன் சார். இந்தத் தகட்டுல நட்டு உட்காரலை, நசுங்குது. அழுத்தத்தைக் கூட்டிக்கோன்னாரு. கூட்டினா மரை இறுகுது, ஸ்க்ரூ போகலை. நான் என்ன சார் பண்ணட்டும்?"

'உட்காரலை, நசுங்குது.' அதைவிடத் தெளிவாக எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது. ஆனால் அவர் வாயால் சொன்னது மேனேஜர் மேசையில் எடுபடாது. கண்ணுக்குத் தெரிகிற ஒன்று வேண்டும்.

அந்தக் கதவுகளில் இருந்து ஒரு துண்டு வெட்டினோம். பழைய ஆர்டரில் மிஞ்சிய சாதாரண இரும்புத் தகட்டில் அதே டப்பாவிலிருந்து ஒரு நட்டை அவரையே அழுத்தச் சொன்னேன். இரண்டையும் நட்டின் நடு வழியாக ஹாக்ஸாவில் அறுத்து, அரம் போட்டு, எமரி காகிதத்தில் தேய்த்து, பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் கதை வெட்டவெளிச்சம். இரும்புத் தகட்டில் பள்ளம் முழுக்க நிரம்பியிருந்தது, நட்டு எங்கே முடிகிறது தகடு எங்கே தொடங்குகிறது என்று தெரிய உற்றுப் பார்க்க வேண்டும். எஸ்.எஸ். தகட்டில் பள்ளம் காலியாக இருந்தது. பல் வளையத்தின் பற்கள்தான் மழுங்கிப் போயிருந்தன. தகடு அசையவில்லை, நட்டுதான் தோற்றிருக்கிறது.

நட்டு விற்பவரின் கேட்லாக்கை எடுத்தேன். அந்த வகை நட்டு போட, தகட்டின் கடினம் ராக்வெல் பி அளவில் 80-க்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. எங்கள் எஸ்.எஸ். தகட்டை அளந்தால் 86. துளை பஞ்ச் பண்ணும்போது அந்த விளிம்பு இன்னும் இறுகும், எஸ்.எஸ்.ஸின் குணம் அது. எஸ்.எஸ். தகட்டுக்கென்றே, வெப்பப் பதத்தில் கடினமாக்கிய தனி எஸ்.எஸ். நட்டு இருக்கிறது. விலை பல மடங்கு. அதைத்தான் டிராயிங்கில் போட்டிருக்க வேண்டும். சாதாரண நட்டு எப்படியோ பிடித்திருந்தால்கூட, உப்புக் காற்றில் எஸ்.எஸ். தகட்டோடு ஒட்டிக்கொண்டு நட்டு முதலில் துருப்பிடித்திருக்கும். அப்புறம் எஸ்.எஸ்.ஸுக்குக் கொடுத்த காசுக்கு என்ன அர்த்தம்?

அறுத்த இரண்டு துண்டையும் மேனேஜர் மேசையில் வைத்தேன். பூதக் கண்ணாடியையும் வைத்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "டிராயிங் அனுப்பினவங்ககிட்ட பேசறேன்" என்று மட்டும் சொன்னார். வாடிக்கையாளர் தரப்பில் நட்டை மாற்றி டிராயிங் வர பத்து நாள், நட்டு வர ஒன்றரை மாதம். பழைய நட்டுகளைத் தட்டி எடுத்துவிட்டு ஒவ்வொரு துளையையும் அளந்தோம். 60 கதவில் 41 தேறியது. ஓரத்துக்கு மிக அருகே துளை இருந்த கதவுகள்தான் கூட்டிய அழுத்தத்தில் நெளிந்து போயிருந்தன.

அந்தப் பெண் பிரஸ்ஸிலேயே தொடர்ந்தார். புது நட்டு வந்ததும் முதல் பத்தை அழுத்தி, ஒவ்வொன்றையும் தள்ளிப் பார்க்கும் சோதனைக்கு என்னிடம் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு, புதுத் தகடு எது வந்தாலும் முதல் துண்டு அவரிடம் போய், அவர் சரி என்று சொன்ன பிறகுதான் மீதி ஓடும் என்று ஆயிற்று. எழுதி வைத்த விதி எதுவும் இல்லை, நாங்களாக வைத்துக்கொண்டது.

பிடித்த பணம் மட்டும் உடனே வரவில்லை. கம்பெனி கான்ட்ராக்டரைக் கைகாட்டியது, கான்ட்ராக்டர் கம்பெனியைக் கைகாட்டினார். அவர் ஒவ்வொரு சம்பள நாளும் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது மாதம் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கூலி குறைகிறது என்று அங்கேயே நின்று அதையும் வாங்கிக்கொண்டுதான் போனார்.